செவ்வாய்க்கிழமைக் கல்யாணத்துக்கு ஒரு சேலை

கட்டிலில் கிடந்த இரண்டு சேலைகளில் ஒன்று பொய்க்கு, இன்னொன்று நிஜத்துக்கு. பொய்க்கு, மாம்பழக் கலரில் அரக்குக் கரை வைத்த பட்டு. நிஜத்துக்கு, ஊதாவில் வெள்ளைப் புள்ளி விழுந்த சுங்குடி. சித்திரை வெயில் கோவில்பட்டியையே அப்பளமாகப் பொரித்துக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், மேலே மின்விசிறி சுட்ட காற்றையே திரும்பத் திரும்ப அள்ளிப் போட, செண்பகவல்லி இரண்டு சேலைக்கும் நடுவில் உட்கார்ந்து, பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை முதலில் வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சென்னைக்கு ரயில். கூடப் படித்த விஜயராணி மகளுக்குச் செவ்வாய்க்கிழமை கல்யாணம், போய்விட்டு உடனே திரும்பிவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். விஜயராணி என்று ஒருத்தி கூடப் படித்தது உண்மை. அவளுக்கு மகள் இருக்கிறாளா, மகன் இருக்கிறானா, அதெல்லாம் சாமிக்குத்தான் வெளிச்சம். கல்யாணமும் இல்லை, கச்சேரியும் இல்லை. இடது மாரில், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை மாதிரி ஒரு கட்டி. உள்ளூர் டாக்டரம்மா ஊர்க்கதை பேசிக்கொண்டே தொட்டுப் பார்த்தவள், கை அந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். கட்டியைவிட அந்த நிறுத்தத்துக்குத்தான் செண்பகவல்லி பயந்தாள். ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றாள். மதுரையிலேயே பார்க்கலாம்தான். ஆனால் மதுரையில் வீட்டுக்காரரின் சொந்தபந்தம் தெருவுக்கு ஒன்று. இவள் ஆஸ்பத்திரிப் படியில் ஏறினால் இறங்குவதற்குள் செய்தி கோவில்பட்டிக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும். அதனால் சென்னை. சித்தி மகள் மல்லிகா அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளைப் பிடித்துச் செவ்வாய் காலைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. "அக்கா, காட்டனாக் கட்டிட்டு வா, இங்க வெயிலு மண்டையப் பொளக்குது," என்று போனில் சொன்னாள் மல்லிகா. "பட்டு கிட்டுன்னு ஆரம்பிச்சிராத. கசகசன்னு செத்துப் போவ. நகை ஒண்ணும் வேண்டாம். செருப்புக் கூட சாதாரணமாப் போடு, நடக்கணும்." அதுவரைக்கும் பட்டணத்துக்கு வருகிற யாருக்கும் சொல்கிற புத்திமதிதான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "முன்னாடி கொக்கி வச்ச ஜாக்கெட்டாப் போட்டுக்க."

முன்னாடி கொக்கி. இருக்கிற ஜாக்கெட்டையெல்லாம் அள்ளிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. பட்டுக்குத் தைத்தது பின்னாடி கொக்கி, முதுகில் கயிறும் குஞ்சலமும் வேறு. மகள் சுபாஷினி கல்யாணத்தின்போது தையல்காரி ஆசை காட்டித் தைத்துவிட்டது. சுங்குடிக்கு உள்ளது முன்னாடி கொக்கி, ஆனால் அக்குளில் வெளுத்துப் போயிருந்தது. அக்குளைத்தானே பார்ப்பார்கள். கையைத் தூக்குங்கள் என்பார்கள், வெளுத்த ஜாக்கெட்டை ஒரு வெள்ளைக் கோட்டு பார்க்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்னவன் சோப்புக்கு வெளுக்கிற அக்குளைப் பற்றி யோசிக்கவில்லை. கை தானாக இடது பக்கம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. புதுக் கடிகாரம் கட்டினவன் மணி பார்க்கிற மாதிரி, பங்குனியிலிருந்து இதே வேலை. இருக்கிறதா? இருக்கிறது. நேற்றைவிடப் பெரிதா? இல்லை. தெரியவில்லை. சொர்ணம் மதினிக்கு இப்படித்தான் இருந்ததா? மதினியிடம் கேட்டிருக்கலாம், அப்போது கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் நயினாருக்கு ஒரே அக்கா சொர்ணம். மதுரை ஆஸ்பத்திரிக்கு அவளைப் படம் எடுக்கக் கூட்டிப் போனபோது கூடப் போனவள் செண்பகவல்லிதான். பின்னாடி கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டு வந்திருந்தாள் மதினி, கை வீங்கி முதுகுக்கு எட்டவில்லை. "சீக்கிரம்மா, வெளிய ஆளு நிக்காகல்ல," என்று நர்ஸ் கடுகடுத்தாள். செண்பகவல்லி ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றிக்கொண்டிருக்க, மதினி திரும்பிப் பார்க்காமலே, "கல்யாணத்தன்னைக்குக் கூட எனக்கு இம்புட்டுப் பதனமா யாரும் கழத்தி விடல தாயி," என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கு மதினி இல்லை. நயினார் பம்புசெட் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சுற்றுக் கணக்கு சொல்வார். அக்கா போன பிறகு கட்டின மோட்டாரெல்லாம் புகைந்து திரும்பி வந்தது. பேச்சே இல்லை. ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "இனிமே இந்த வியாதிப் பேரு இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது," என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது அந்தப் பேர் வீட்டுக்குள்ளேயே, அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் படுத்திருந்தால் என்ன செய்ய? அதனால்தான் பங்குனியிலிருந்து அவள் கூடத்தில் பாயை விரித்துப் படுக்கிறாள். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றாள். தூக்கத்தில் அவர் கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து அது போகிற இடம் ஒன்றுதான். சாவதற்குக் கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அவரிடம் சொல்வதற்குத்தான் பயம்.

சரி, எதைக் கட்டுவது? ரயிலில் சுங்குடி. அதையே காலையில் ஆஸ்பத்திரிக்கும் கட்டினால் ராத்திரி முழுக்கப் படுத்த கசங்கல். மாற்றிக்கொள்ள ஒரு வாயில் சேலை எடுக்கலாம், வாயில் சேலை வேர்வையில் ஒட்டினால் உள்ளே உள்ளதெல்லாம் தெரியும். தெரிந்தால் என்ன, அங்கே போவதே காட்டுவதற்குத்தானே. இந்த நினைப்பு வந்ததும் காது மடல் சூடாகிவிட்டது. பட்டணத்துக்கு முதல்தடவை போனதும் ஒரு சித்திரையில்தான், கல்யாணமான வருசம். நயினாருடைய கூட்டாளி வீட்டுக்கு விருந்துக்கு. பட்டணம் என்றால் பட்டுதான் கட்ட வேண்டும் என்று யார் சொன்னார்களோ, கல்யாணப் பட்டைக் கட்டி, தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வைத்து எழும்பூரில் இறங்கினாள். வெளியே வருவதற்குள் பூ வெந்துவிட்டது. முதுகில் வேர்வை வாய்க்கால். பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண்கள் கையில்லாத ரவிக்கையும் மெல்லிசுச் சேலையுமாகப் பச்சைத் தண்ணியில் குளித்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள், இவள் மட்டும் சப்பரத்தில் வைத்த அம்மன். நயினார் வழியெல்லாம் சிரித்தார். பிறகு பாவப்பட்டு, நடைபாதைக் கடையில் ஒரு பருத்திச் சேலை வாங்கித் தந்து, "போய் மாத்திட்டு வா. இந்த ஊர்ல எவன் உன்னயப் பாக்கப் போறான்?" என்றார். அன்றைக்கு அது அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பார்க்க மாட்டார்களா? அவ்வளவு தூரம் உடுத்தி வந்தது யாருக்கு? இப்போது நினைத்தால் அதைப்போல ஆறுதலான வார்த்தை இல்லை. எவனும் பார்க்க மாட்டான். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போகலாம், மாரில் புளியங்கொட்டையோடு நடக்கிறாள் என்று எந்தச் சிறுக்கிக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு அறைக்குள் பார்ப்பார்கள். நன்றாக, விளக்குப் போட்டு, ஆற அமரப் பார்ப்பார்கள். உள்பாடிகளையெல்லாம் கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. பட்டை நைந்ததற்கு ஊக்குக் குத்தியிருந்தாள். இத்தனை வருசமும் வெளியே தெரிகிறதற்குத்தான் செலவு. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அந்தப் பாதி ஆளிலும் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டால், மிச்சத்துக்குத் தையல்காரி எந்த அளவு வைத்துத் தைப்பாள்? முந்தானை எதில் நிற்கும்? மதினி கடைசி நாட்களில் இடது பக்கம் ஒரு பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வாள், அது அசந்த நேரத்தில் நழுவி வயிற்றுக்கு வந்துவிடும், பேரப்பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று செண்பகவல்லி ஓடிப் போய் மறைத்து நிற்பாள். எனக்கு யார் மறைத்து நிற்பார்கள்? சுபாஷினி திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அதிகமாக யோசிக்காதே, சேலையை மடி. பட்டுச் சேலையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை என்று உதறி, மறுபடியும் மடித்தாள்.

"என்ன, கல்யாண வீட்டுக்காரி கெளம்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டுக் கோமதியக்கா உள்ளே வந்தாள். கோமதியக்காவுக்குக் கதவு, திரை எல்லாம் அடுத்தவர்களுக்குத்தான். வந்தவள் உள்பாடிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு சேலையையும் தடவிப் பார்த்தாள். "இந்தப் பட்டுதான? நல்லாருக்கும். சுங்குடிய எதுக்கு எடுத்து வச்சிருக்க? கல்யாண வீட்டுக்கு எவளாச்சும் சுங்குடி கட்டுவாளா?" ரயிலுக்கு என்றாள் செண்பகவல்லி. "வெயிலுன்னு பாக்காத. ஒரு நாழி வேர்த்தா வேர்க்குது. பட்டணத்துக்காரியெல்லாம் மினுக்கிட்டு வருவாளுக, நம்ம போயி வெறுங்கழுத்தா நின்னா ஊருக்கே கேவலம். என் காசுமாலையத் தாரேன், போட்டுட்டுப் போ." வேண்டாம்க்கா, ரயில் பயம் என்று செண்பகவல்லி மறுத்தாள். அக்கா விடவில்லை. மல்லிகைப்பூவை வாழையிலையில் சுற்றி ஈரத்துணியில் வைத்தால் காலை வரை வாடாது என்றாள். மண்டபத்தில் ஏசி இருக்கும், கவலைப்படாதே என்றாள். ஆமாம், ஏசி இருக்கும் என்று செண்பகவல்லியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அப்படி ஒரு மண்டபம் இருக்கிற மாதிரியும், அங்கே சந்தனக் கிண்ணத்தோடு விஜயராணி வாசலில் நிற்கிற மாதிரியும் இருந்தது. போய்விடலாம் போல ஆசையாகக்கூட இருந்தது. "முகூர்த்தம் எப்ப?" "காலைல, பத்து மணிக்கு," என்றாள், டாக்டர் நேரத்தை. "நாளைக்கா?" "ஆமாக்கா." கோமதியக்காவின் கை பட்டின் கரையிலேயே நின்றது. "நாளைக்குச் செவ்வாக்கெழமல்ல?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் அதற்குப் பிறகுதான் செண்பகவல்லிக்குக் கேட்டது. "செவ்வாயோ வெறுவாயோம்பாக. செவ்வாக்கெழம எவன் தாலி கட்டுவான்?" என்றாள் அக்கா. "அது... ரிசப்சன்க்கா. பட்டணத்துல இதெல்லாம் பாக்க மாட்டாக." "காலைல பத்து மணிக்கு ரிசப்சனா?" கோமதியக்கா அவள் முகத்தையே பார்த்தாள். மோசமான பார்வை இல்லை. பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரியான பார்வை. பிறகு எழுந்து, "என்னமோ, போயிட்டு நல்லபடியா வா தாயி," என்று சொல்லிவிட்டுப் போனாள். காசுமாலைப் பேச்சை எடுக்கவில்லை. செண்பகவல்லி கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கு. இவள் கெட்டிக்காரிகூட இல்லை. டாக்டருக்கு ஒழிந்த நாள் செவ்வாய், அந்த நாளையே தூக்கிக் கல்யாணத்துக்கும் வைத்திருக்கிறாள். இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டார்கள். கோமதி போனால் போகட்டும். அவர்? அவரிடமும் செவ்வாய் என்றுதான் சொன்னாள். தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் போட்டிருக்கிற நல்ல நேரம் வரைக்கும் படித்துவிட்டுப் பட்டறையைத் திறக்கிற மனுசன். புது மோட்டார் வந்தால் செவ்வாயில் கை வைக்க மாட்டார். அவருக்கா தெரியாது? அவள் சொன்னபோது அவர் என்ன செய்தார்? சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் ஊற்றச் சொன்னார். யாருடைய மகள், எந்த மண்டபம், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவரே போய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்து தந்தார். அப்படியானால் தெரிந்திருக்கிறது. என்ன தெரியும்? டாக்டரம்மா வீட்டு மோட்டார் அவர் பட்டறைக்குத்தான் வரும், அங்கே யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தால் இப்படிச் சாப்பிட்டு, இப்படித் தூங்கி, இப்படி இருக்க மாட்டார், மதினி போனபோது பார்த்தோமே. வேறு என்னவோ நினைக்கிறார். புருசனிடம் பொய் சொல்லிவிட்டுப் பொம்பளை தனியாக ராத்திரி ரயில் ஏறினால் ஆம்பளைக்கு என்ன தோன்றும்? சீ, இந்த வயதிலா. வயது என்ன வயது, சந்தேகத்துக்கு நரை உண்டா? நினைக்கட்டும். அசிங்கமாகவே நினைக்கட்டும், அதுகூடத் தேவலை, அந்தப் பேரைக் கேட்பதற்கு. இல்லை, அப்படி நினைக்க விடக் கூடாது. இப்போதே போன் போட்டு, போகவில்லை என்று மல்லிகாவிடம் சொல்லிவிடலாம். கட்டி தானாகக் கரைந்துவிடும். பங்குனியிலிருந்து கரையாதது இனிமேலா கரையும்? கை போய்த் தொட்டுவிட்டு வந்தது. இருக்கிறது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைத்து, எழுந்திருக்காமல், சுங்குடியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அதைத் தேய்த்து வைத்திருந்தோமே என்று ஞாபகம் வந்தது.

நயினார் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். வார்னிஷ் வாடைதான் முதலில் வந்தது, பிறகு ஆள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கட்டிலைப் பார்த்தார். "எதக் கட்டப் போற?" "ரயில்ல சுங்குடி. கல்யாணத்துக்குப் பட்டு," என்றாள். வாய் அதன் பாட்டுக்குச் சொன்னது. "ம்," என்றவர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாமிரக் கம்பி கீறிய விரல்களை ஒன்றொன்றாகச் சொடுக்கினார். சொடுக்கி முடித்துவிட்டு, "நாளைக்குச் செவ்வாக்கெழம, செம்பகம்," என்றார். அவள் பட்டின் மடிப்பை நீவினாள். "நீ சொன்ன அன்னைக்கே தெரியும்." "பெறகு ஏன் கேக்கல?" "கேட்டா சொல்லிருவியேன்னுதான்." வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அது தெரு தாண்டும் வரைக்கும் அவர் பொறுத்திருந்தார். "தையில நான் பேசுனது தப்புத்தான். சம்பந்தி வீட்டாளுக முன்னாடி உன்னய அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது. மன்னாப்புக் கேக்கணும்னு நெனச்சேன். வாய் வரல." தையில் என்ன பேசினார்? செண்பகவல்லி மனசுக்குள் துழாவிப் பார்த்தாள். திருப்பூரில், மகள் வீட்டில், எதற்கோ எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார், உன்னைக் கட்டி என்னத்தைக் கண்டேன் என்றோ என்னவோ. அன்றைக்கு அழுதாள், ஊருக்கு வருவதற்குள் மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. "அதுக்கப்புறம் பாயத் தூக்கிட்டுக் கூடத்துக்குப் போயிட்ட. தொட வந்தா வெலகுற. செவ்வாக்கெழமையில கல்யாணம்ங்கிற. மல்லிகாகிட்டப் பேசுறப்ப நான் வந்தா போன வச்சிருற. அவ அங்கயே எதோ வேலைக்குச் சொல்லி வச்சிருப்பா. பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, இனிமே இந்த ஆளோட என்னத்துக்குன்னு நீ முடிவு பண்ணிட்ட. போறவள மறிக்கக் கூடாதுன்னுதான் டிக்கெட்ட நானே எடுத்தேன்." மறுபடியும் விரலைச் சொடுக்கினார், ஒன்றும் சொடுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. திரும்பி வருவியா?"

எல்லாக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. மண்டபத்துக்குப் பேர் இருந்தது, மாப்பிள்ளைக்கு வேலை இருந்தது, விஜயராணி போன் எடுக்காததற்குக் காரணம் இருந்தது. இந்த ஒன்றுக்கு இல்லை. இத்தனை நாளும் சேலை, ஜாக்கெட், கொக்கி என்று இதே கேள்வியைத்தான் அவள் மாற்றி மாற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருவியா என்று யார் வாயாலும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு பொய்யும். அவர் கேட்டுவிட்டார், வேறெதையோ நினைத்துக்கொண்டு. "தெரியலங்க," என்றாள். அவர் முகம் விழுந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், நிறுத்தினால் திரும்ப வராது என்று ஒரே மூச்சில் சொன்னாள். "மார்ல கட்டி இருக்குங்க. நாளைக்கு ஊசி விட்டு எடுத்துப் பாக்கப் போறாக. அதுக்குத்தான் போறேன். கல்யாணமும் இல்ல, வேலையும் இல்ல. உங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்?" அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோசம். அவள் சத்தியமாகப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கமெல்லாம் விரிந்து, "அதுக்கா? அதுக்குத்தானா போற?" என்று பல் தெரியச் சிரித்தேவிட்டார் மனுசன். ஒரு நொடிதான். பிறகு அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. சிரிப்பு போகாமலே கண் மட்டும் மாறியது, "யக்கா," என்று, பக்கத்தில் இல்லாத யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. செண்பகவல்லி இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாளே, இனி அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. கட்டிலைவிட்டு இறங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். அவர் அழுதார். சத்தமாக, பட்டறையில் மோட்டார் ஓடுகிற மாதிரி, நிறுத்தத் தெரியாமல் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை, வியர்த்தது. வெகுநேரம் கழித்து அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டார், "நான் என்னத்தப் போட்டுட்டு வர?" அவளுக்கு முதலில் புரியவில்லை. "அங்க வெயில் கூடுதலாமே. வேட்டியா, பேண்டா?" "வேட்டியே கட்டிக்கங்க," என்றாள் செண்பகவல்லி. எழுந்து பீரோவின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, அவருடைய கதர்ச் சட்டைகளில் காலர் கிழியாதது எது என்று பார்க்க ஆரம்பித்தாள்.